கியோத்தோ நகரத்தாரின் கோடைத் தேர்

சரித்திரம் என்றால் அரசர்களின் பட்டாபிஷேகமும் படையெடுப்புமே என்று ஆங்கிலப் பள்ளியில் நமக்குக் கற்பித்தார்கள். ஊரார் கூடி நடத்தும் ஒரு விழாவுக்கும் சரித்திரம் உண்டு என்பதையும், அது பல அரசுகளின் ஆயுளினும் நீண்டது என்பதையும் அறிய விரும்புவோர், ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகராகிய கியோத்தோவில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் முழுவதும் நடைபெறும் கியோன் விழாவை ஆராய்வார்களாக.

கியோத்தோ மலைகள் சூழ்ந்த நகரம். கோடையில் காற்று அசையாது. முற்காலத்தில் மழை பெய்து ஆறு பெருகி வடிந்த பின்னர் கொள்ளைநோய் பரவுவது அங்கு வழக்கம். 869-ஆம் ஆண்டில் அத்தகைய நோயொன்று மக்களை வாட்டியபோது, தேசத்தின் 66 மாகாணங்களுக்கு அடையாளமாக 66 ஈட்டிகளை நிறுத்தி, நோய்க்கு அதிபதியெனக் கருதப்பட்ட கோசு தென்னோ என்னும் தெய்வத்தைச் சாந்தி செய்தனர் என்பது இவ்விழாவின் பூர்விகம். கியோன் என்னும் பெயரோ, புத்தர் தங்கிப் போதித்த ஜேதவனத்தின் பெயர் சீன எழுத்தின் வழியே சிதைந்து சென்றதாகும். நோய்க்குக் காரணம் கிருமி என்றறியாத காலத்தில் அச்சமே விழாவைப் பெற்றது. அதை வளர்த்தது அச்சமன்று.

நாம் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. ஆதலின் எவ்விழாவைக் குறித்துக் கேட்டாலும், செலவைக் கொடுத்தவர் யார், சுமந்தவர் யார் என்று வினவுவதே நம் வழக்கம். கியோத்தோவில் அதற்கு விடை தெளிவாயுள்ளது. ஒரு தெருவின் இரு சிறகிலும் உள்ள வீட்டார் சேர்ந்து ஒரு ‘சோ’, அதாவது தெருக்கூட்டம். ஒவ்வொரு தேரும் ஒவ்வொரு தெருக்கூட்டத்தின் உடைமை. பொருள் கொடுத்தோர் பட்டு வியாபாரிகளும் கைவினைஞரும் மற்றக் கடைக்காரருமே. சொந்தத் தேர் இல்லாத தெருக்களும் தத்தம் பங்கைக் கொடுத்து உதவின.

1467-இல் மூண்ட ஓனின் யுத்தம் நகரத்தைச் சாம்பலாக்கிற்று, விழாவும் நின்றது. அதை 1500-இல் நகரத்தார் மீண்டும் தொடங்கினர். எந்தத் தேர் முன், எது பின் என்னும் சச்சரவு எழாதிருக்கச் சீட்டுக் குலுக்கி வரிசை அமைக்கும் முறை அப்பொழுதே ஏற்பட்டது. இன்றும் சில தேர்கள் நீங்கலாக மற்றவற்றின் வரிசை ஜூலை 2-ஆம் நாள் சீட்டினாலேயே முடிவாகிறது. முதல் உரிமை யாருக்கு என்று அடிதடி வரை போகும் ஊர்களுக்கு இது தெரிந்தால் நலம்!

இதனினும் வியப்பானது 1533-இல் நிகழ்ந்தது. ஹியே மலை மடத்தாரின் வற்புறுத்தலால் அவ்வாண்டுக் கோயிற் சடங்கை அரசாங்கம் நிறுத்தியது. தெருக்கூட்டங்களின் பிரதிநிதிகள் கோயிலுக்குத் திரண்டு சென்று, சடங்கு நடவாவிடினும் தங்கள் தேர்கள் மட்டுமாவது ஓடவேண்டும் என்று கேட்டனர். கோயில் அதிகாரியின் நாட்குறிப்பே இதற்குச் சாட்சி. அந்நூற்றாண்டிலே, குருமார் இன்றியும் விழா எங்களுடையதே என்று சொல்லத் துணிந்த மக்களை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

தேர்களின் அமைப்பைச் சிறிது கூறுவோம். பெரிய தேர் ஏறக்குறைய 25 மீட்டர் உயரமும் 12 டன் அளவு எடையும் உள்ளது. மரச்சட்டங்களை ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணைப்பர். சக்கரத்தைத் திருப்பும் பொறி கிடையாது. தெரு முனை வந்தால் பிளந்த மூங்கிலைச் சக்கரத்தின் கீழ்ப் பரப்பி, நீர் தெளித்து, பலர் பக்கவாட்டில் இழுத்து மெல்ல மெல்லத் திருப்புவர். மேலே மணியும் குழலும் முரசும் முழங்கும். ஊர்வலத்துக்கு முந்திய மாலைகளில் தேர்களின்முன் காகித விளக்குகள் அடுக்கடுக்காய் எரிய, பழைய வீட்டார் தம் சித்திரத் திரைகளை வழிப்போக்கர் காண வாயிலில் விரித்து வைப்பர். செல்வர் வீட்டுக் கலைப்பொருளை ஏழையும் காணும் நாட்கள் அவை.

தேர்களைப் போர்த்திய துணிகள் தனிச் சரித்திரம் உடையன. ட்ராய் நகர மன்னன் பிரியாமைச் சித்திரித்த 16-ஆம் நூற்றாண்டு பெல்ஜியத் திரையொன்று ஒரு தேரில் தொங்குகிறது. கிறிஸ்து மார்க்கம் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், விவிலியக் காட்சி நெய்த திரையொன்றும், இன்னதென்று அறியப்படாமலே, தெருவில் உலா வந்தது! பாரசீகக் கம்பளமும் தக்காணக் கம்பளமும் இந்தியச் சாயத்துணியும் அங்குண்டு. நாகசாகியில் வாணிகம் செய்த டச்சுக் கம்பெனியாருக்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகள் இருந்தன என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இனி, மறைக்கத் தகாத பகுதி. இடைக்காலத்தில் இவ்விழாவில் தெய்வப் பல்லக்கின் முன்னே நடந்து வழியைத் துப்புரவு செய்தோர் ‘இனுஜினின்’ எனப்பட்டோர். பிணம் அகற்றுதல் முதலிய வேலைகளைச் செய்ததனால் இழிந்தோராய் ஒதுக்கப்பட்டவர்கள். ஊர்வலத்தில் முன்னிடம், ஊரில் கடையிடம். இவ்விதக் கணக்கு நம்மவர்க்குப் புதியதன்று.

மற்றொன்று. 1943 முதல் 1946 வரை யுத்தத்தின் பொருட்டுத் தேர்கள் ஓடவில்லை. அந்த 1943-லேதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதையில் காலராவாலும் பட்டினியாலும் மாண்டனர். அவர்களுக்கு விழாவுமில்லை, கல்லறையுமில்லை. அப்பாதையின் நினைவு தோட்டத்து லயங்களில் இன்னும் மறையாதிருக்க, ஜப்பானியரின் விழாவை நீர் புகழலாமா என்று எம்மைக் கேட்போர் உண்டு. புகழலாம் என்பதே நம் கருத்து. தெருவார் தேரை நிறுத்திய ஆட்சியும் நம் மக்களைக் காட்டுக்கு ஓட்டிய ஆட்சியும் ஒன்றே. ஆயினும் அத்தெருக்களிலிருந்து போர்முனைக்குச் சென்ற இளைஞரும் அவ்வாட்சியின் கையாட்களாக இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடவில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும்.

1947-இல் ஒரு தேர் மட்டும் தெருவுக்கு வந்தது; பிறகு மற்றவை சேர்ந்தன. 1864-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த ஓஃபுனே தேர் 2014-இல் ஊர்வலத்துக்குத் திரும்பியது. 1826-இல் புயல்மழையால் பழுதுற்ற தாக்கா தேர் 196 ஆண்டுகள் கழித்து 2022-இல் ஓடியது. அதற்கு முந்திய இரண்டு கோடைகளிலும், கொள்ளைநோயை விரட்டப் பிறந்த இவ்விழாவின் ஊர்வலத்தைக் கொள்ளைநோயே நிறுத்தியிருந்தது. இப்பொழுது தேர்கள் 34. தெருக்களிலோ வீடுகள் குறைந்து காரியாலயங்கள் பெருகிவிட்டமையால், கல்லூரி மாணவரும் வெளியூராரும் வடம் பிடிக்கின்றனர். மினாமி கன்னோன் தேரில் பெண்கள் ஏறி வாத்தியம் வாசிக்க 2001-இல் இடம் கிடைத்தது. வேறு சில தேர்களில் அந்தத் தடை இன்னும் நீங்கியபாடில்லை.