கல்லுடைக்கும் குரங்குகள்

பிரேசிலின் வடகிழக்கில், பியாவி மாநிலத்தில் உள்ள செர்ரா டா கபிவாரா தேசியப் பூங்கா, தொன்மையான பாறை ஓவியங்களுக்காக 1991ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு வாழும் கபுச்சின் குரங்குகள் முந்திரிக்கொட்டையை ஒரு கல்லின்மேல் வைத்து, மற்றொரு கல்லால் அடித்துடைத்துப் பருப்பை உண்கின்றன. (முந்திரி அந்த மண்ணின் மரம், போர்த்துகீசியர் வழியாகவே அது நம்மிடம் வந்தது.)

இத்திறன் பிறவியிலேயே அமைவதன்று. மூத்தவை உடைக்குமிடத்தில் குட்டிகள் சுற்றி அமர்ந்து, சிதறிய துணுக்குகளைப் பொறுக்கித் தின்று, பொருந்தாத கற்களால் தட்டிப் பார்த்து ஆண்டுக்கணக்கில் பழகுகின்றன. கபுச்சின் கூட்டங்கள் அனைத்தும் இதைச் செய்வதுமில்லை. ஆதலால் ஆய்வாளர் இதனைப் பண்பாடு என்றே வழங்குகின்றனர். அச்சொல்லை நமக்கே உரியதாகக் கருதிவந்தோர்க்கு இது சற்று உறுத்தலாம்.

அங்கு அகழ்ந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 3000 ஆண்டுகளாக இவ்வழக்கம் தொடர்வதைக் காட்டியது. கீழடுக்குகளில் சிறு கற்கள், பின்னர்ப் பெரியவை, அண்மை அடுக்குகளில் முந்திரிக்கு ஏற்றவை. உணவு மாறக் கருவியும் மாறியிருக்கிறது. எழுத்தில்லாத இனத்துக்கும் வரலாறு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிக்கலை எழுப்பியது 2016இல் வெளியான ஆய்வு. இக்குரங்குகள் பாறையில் பதிந்த கூழாங்கற்களை வேறு கல்லால் மோதி, உதிரும் துகளை நக்குகின்றன. அப்போது கூரிய சில்லுகள் தெறிக்கின்றன. அவை ஆதிமனிதன் செதுக்கிய சில்லுகளை ஒத்துள்ளன. ஆனால் எந்தக் குரங்கும் அவற்றைக் கொண்டு எதையும் வெட்டக் காணப்படவில்லை. 2023இல் தாய்லாந்தின் குரங்குகள் பனைக்கொட்டைகளை உடைக்கையிலும் இத்தகைய சில்லுகள் தெறிப்பதாக அறிவித்தனர்.

இதன் விளைவு சிறிதன்று. அதே பூங்காவின் பெத்ரா ஃபுராதா குகையில் கிடைத்த கற்களை வைத்தே, மனிதர் அமெரிக்காவில் மிகப் பழங்காலத்திலேயே குடியேறினர் என்று நியெதே கிதோன் குழுவினர் வாதிட்டனர். அவை குரங்குகளின் கைவேலையாகலாம் என 2022இல் மறுப்பு எழுந்தது.

இதனால் ஆப்பிரிக்கத் தொல்கருவிகள் அனைத்தையும் ஐயுறுவது மிகையென்பது என் கருத்து. எத்தியோப்பியாவின் பௌரியில், சுமார் 25 லட்சம் ஆண்டுப் பழமையான விலங்கெலும்புகளில் வெட்டுத்தழும்புகள் உள்ளன. கூர்முனை தற்செயலாகவும் பிறக்கும். தழும்பு அவ்வாறு பிறப்பதரிது. கல்லை மட்டும் பார்த்து மனிதனைத் தேடிய அகழாய்வாளர், இனி அதன் அருகில் கிடக்கும் எலும்பையும் கேட்டாக வேண்டும்.