இதய அறைகள்

மனித இதயம் நான்கு அறைகள் கொண்ட தசை உறுப்பு. மேலறை இரண்டு, கீழறை இரண்டு. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். உடலைச் சுற்றி வந்து உயிர்வளி குறைந்த இரத்தம் பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வந்து, மூவிதழ் வால்வைக் கடந்து வலது கீழறையில் இறங்கும். அங்கிருந்து நுரையீரல் தமனி அதை நுரையீரலுக்குக் கொண்டுபோகும். உயிர்வளி ஏற்ற இரத்தம் இடது மேலறைக்குத் திரும்பி, ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறையை அடைந்து, பெருந்தமனியில் பாயும். உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பானது. ஓய்விலும் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இவ்வழியே செல்கிறது.

இந்தப் பாதை எளிதில் தெளிவாகிவிடவில்லை. தடுப்புச் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாக இரத்தம் வலமிருந்து இடம் கசிகிறது என்றார் 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் கேலன். அத்துளைகளை எவரும் கண்டதில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மறுப்பில்லை. 1242இல் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீஸ் சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் சென்றாக வேண்டும் என்று எழுதினார். இதைக் கண்டறிந்தவர் என ஐரோப்பிய நூல்கள் ஸ்பானிய மருத்துவர் செர்வீட்டஸைப் போற்றினாலும், அவர் நூல் வெளிவந்தது 1553இல்தான். முதன்மை அல்-நஃபீஸுக்கே உரியது. 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தை நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி நுண்ணோக்கியில் கண்டார். தமிழில் இவ்வறிவைத் தந்தவர்களுள் முன்னோடி, யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன். அவரது 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது.

கேலன் கற்பித்த துளை சிலருக்கு உண்மையிலேயே உண்டு என்பது வேடிக்கை. கருவிலுள்ள சிசுவின் நுரையீரல் இயங்காததால் மேலறைகளுக்கிடையே ஒரு திறப்பு இருக்கும். பிறந்தபின் அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தடுப்புச் சுவர் சரிவர உருவாகாவிட்டால் எஞ்சும் துளையே 'இதயத்தில் ஓட்டை'. சில ஓட்டைகளைத் தொடைச் சிரை வழியே குழாய் செலுத்தி அடைக்கலாம்; மற்றவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவை.

மலேசியாவில் இதயச் சிகிச்சையின் தலைமை நிலையம், ஐஜேஎன் எனப்படும் தேசிய இருதயக் கழகம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் இதயப் பிரிவிலிருந்து 1992இல் உருவான இந்நிலையத்தில், நாட்டின் முதல் இதய மாற்றுச் சிகிச்சை 1997இல் நடந்தது. செர்டாங் அரசு மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இதய அறுவைச் சிகிச்சை உண்டு.