கடல் தந்த அரசும் களம் தந்த அரசும்

ஓர் அரசின் தோற்றக் கதை இரண்டு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். இந்த நிலம் இவர்களுக்கு எப்படி வந்தது? இவர்கள் வருமுன் இங்கே இருந்தவர்கள் யார்? பெரும்பாலான தோற்றக் கதைகள் முதல் வினாவில் திளைத்து நிற்கும். இரண்டாவதை ஒரு வரியில் தாண்டிவிடும். 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றில், டிராய் வீரன் ஈனியஸின் கொள்ளுப்பேரன் புரூட்டஸ் தீவில் வந்து இறங்குகிறான். அங்கே சில அரக்கர்களைத் தவிர வேறு யாரும் இல்லை என்கிறார் ஜெஃப்ரி. அரக்கர்களை மலைக்குகைகளுக்குத் துரத்தியதும் நிலம் புரூட்டஸின் கூட்டத்துக்கு உரியதாகிவிடுகிறது. முன்பிருந்தவர்களை மனிதர் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டால், அவர்களுக்கு நியாயம் சொல்ல வேண்டிய கடமையும் நீங்கிவிடுகிறது.

ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) இந்த மரபை ஆழமாக அறிந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்த அவர், ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலில் அண்டை நாடுகளாக இரண்டு கற்பனை அரசுகளைப் படைத்தார்: கோண்டோர், ரோஹன். இவற்றின் தோற்றக் கதைகள் நாவலிலும் அதன் பின்னிணைப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவர் மறைந்த பின் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த ‘தி சில்மரில்லியன்’ (1977), ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ (1980) ஆகியவற்றில் இவை இன்னும் விரிகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஜெஃப்ரி தாண்டிச் சென்ற இரண்டாவது வினாவை டோல்கீன் தாண்டவில்லை என்பது தெரிகிறது. அவருடைய இரு அரசுகளும் கொடுத்த வாக்கின்மேல் எழுகின்றன. இரண்டும் எழும்போதே ஒரு கடனையும் சுமந்துகொள்கின்றன.

தப்பி வந்தவர்களும் உதவ வந்தவர்களும்

கோண்டோரின் கதை கடல்கோளில் தொடங்குகிறது. நூமெனோர் என்ற பெருந்தீவின் கடைசி அரசன் அர்-ஃபாரசோன், சாவில்லா வாழ்வு வேண்டித் தேவர்களின் நிலத்தின்மீதே படையெடுக்கிறான். இரண்டாம் யுகம் 3319இல் தீவு கடலுக்குள் போகிறது. அரசனின் போக்கை ஏற்காமல் பழைய நெறியில் நின்ற சிலர் மட்டும் ஒன்பது கப்பல்களில் தப்புகிறார்கள். தலைவர் எலெண்டிலிடம் நான்கு, அவருடைய மூத்த மகன் இசில்டுரிடம் மூன்று, இளையவன் அனாரியனிடம் இரண்டு. புயல் அவர்களைப் பிரித்துவிடுகிறது. தந்தை வடக்கே ஒதுங்கி அர்னோரை நிறுவுகிறார். மகன்கள் இருவரும் தெற்கே அண்டுயின் ஆற்றில் நுழைந்து 3320இல் கோண்டோரை நிறுவுகிறார்கள். தலைநகர் ஒஸ்கிலியாத்தில் இரு சகோதரர்களின் அரியணைகளும் அருகருகே இருந்தன.

ரோஹனின் கதையில் பேரழிவு எதுவும் இல்லை. ஓர் உதவி இருக்கிறது. ஆண்டு மூன்றாம் யுகம் 2510. கோண்டோரில் அரச மரபு அற்றுப்போய், அரசுக் காவலர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். கிழக்கிலிருந்து பால்கோத் என்ற படை பெருக்கெடுத்து வருகிறது. அரசுக் காவலர் கிரியன் வடக்கே வாழ்ந்த குதிரைமக்களுக்குத் தூதர்களை அனுப்புகிறார். இருவர் இருவராகப் புறப்பட்டவர்களில் போரொண்டிர் ஒருவன்தான் உயிரோடு போய்ச் சேர்கிறான். அந்த மக்களின் இளந்தலைவன் எயோர்ல் சுமார் 7,000 குதிரைவீரர்களைத் திரட்டிக்கொண்டு தெற்கே வருகிறான். போருக்குத் தகுந்தவர்களில் மிகச் சிலரே வீட்டைக் காக்கப் பின்தங்கினர். கெலெப்ராண்ட் களத்தில், தப்ப வழியின்றிச் சிக்கிக் கிடந்த கோண்டோர்ப் படை காப்பாற்றப்படுகிறது. செய்தி கொண்டுசென்ற போரொண்டிர் அதே களத்தில் எயோர்லைக் காத்து நின்று சாகிறான். நன்றியாகக் கிரியன், அண்டுயினுக்கும் ஐசன் ஆற்றுக்கும் இடைப்பட்ட கலெனார்தோன் நிலத்தை எயோர்லின் மக்களுக்குக் கொடுக்கிறார். 1636இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு மக்கள் மெலிந்துபோன நிலம் அது.

முதல் அரசு இழப்பில் பிறந்தது. இரண்டாவது நன்றியில் பிறந்தது. இந்த வேறுபாடு அவற்றின் குணத்தையே தீர்மானிக்கிறது.

மரமும் குதிரையும்

கோண்டோரின் கொடியில் வெண்மரம்; ரோஹனின் கொடியில் வெண்குதிரை. இரண்டுக்கும் பின்னால் தனித்தனிக் கதை உண்டு.

நூமெனோரின் அரண்மனை முற்றத்தில் நிம்லோத் என்ற வெண்மரம் நின்றது. அதை வெட்டப்போகிறார்கள் என்று அறிந்த இசில்டுர், மாறுவேடத்தில் இரவில் நுழைந்து ஒரு கனியைப் பறித்துவருகிறான். காவலர்கள் வெட்டிய காயங்களால் சாவின் விளிம்புவரை போகிறான். கனியிலிருந்து வந்த கன்றில் முதல் இலை விரியும்போதுதான் எழுந்து உட்காருகிறான். அந்தக் கன்றுதான் கப்பலேறிக் கோண்டோர் மண்ணில் ஊன்றப்படுகிறது. தொலைவைக் காட்டும் ஏழு பலாண்டிர்க் கற்களும் அதே கப்பல்களில் வந்தவை. கோண்டோர் தன்னோடு கொண்டுவந்தவை எல்லாமே இழந்த நாட்டின் எச்சங்கள்.

ரோஹனின் குதிரை வேறு வகை. எயோர்லின் தந்தை லெயோட் பெயர்பெற்ற குதிரைப் பழக்குநர். யாருக்கும் அடங்காத ஒரு வெண்குதிரைமேல் ஏறியபோது, அது அவரைத் தூக்கி எறிய, பாறையில் தலை மோதி இறக்கிறார். அப்போது எயோர்லுக்கு வயது 16. அவன் அந்தக் குதிரையைத் தேடிப் பிடித்தும் கொல்லவில்லை. தந்தையின் உயிருக்கு ஈடாக உன் விடுதலையைக் கொடு என்று அதனிடமே கேட்கிறான். குதிரை பணிகிறது. கடிவாளமே இல்லாமல் அவன் அதில் ஏறி வீடு திரும்புகிறான். உயிருக்கு உயிரெடுக்காமல் ஈடு வாங்குவது வடஐரோப்பியப் பழங்குடிகளின் உண்மையான சட்ட மரபு. அந்த வழக்கத்தை டோல்கீன் ஒரு விலங்குவரை நீட்டியிருக்கிறார். பகையைக் கடனாக மாற்றி, கடனை உறவாக மாற்றும் இந்தச் செயல்தான் ரோஹனின் முதல் அரச நடவடிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

நினைவைக் காக்கும் முறையிலும் இரண்டும் விலகி நிற்கின்றன. கோண்டோர் கல்லிலும் ஏட்டிலும் எழுதிவைத்தது. ரோஹன் பாட்டில் வைத்தது. அரசர்களைத் தலைநகர் எடோராஸின் வாயிலருகே மண்மேடுகளில் புதைத்து, மேலே புல்லும் வெண்பூவும் வளரவிட்டது. கோண்டோரின் முறையில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. வாழ்வோரின் வீடுகளைவிட இறந்தோரின் கல்லறைகள் அழகாயின என்றும், மன்னர்கள் தம் பிள்ளைகளைவிட வம்சாவளிப் பட்டியலைப் பெரிதாக நினைத்தனர் என்றும் நாவலில் கோண்டோர் அரசுக் காவலரின் மகன் ஃபராமிர் வருந்திச் சொல்கிறான். 1432இல் எல்டகார் அரியணை ஏறியபோது, அவன் தாய் வடநாட்டு இனத்தவள் என்பதற்காகவே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒஸ்கிலியாத் எரிந்தது; அங்கிருந்த பலாண்டிர் ஆற்றில் மூழ்கிப் போனது. கடலிலிருந்து காத்துக் கொண்டுவந்ததை இரத்தத் தூய்மையின் பெயரால் தாங்களே தொலைத்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டு கழித்துக் கெலெப்ராண்ட் களத்தில் கோண்டோரைக் காக்க வந்த எயோர்லின் மக்கள், அதே வடநாட்டு இனத்தின் வழிவந்தவர்கள்.

கல்லறைமேல் செய்த சத்தியம்

இரு கதைகளும் ஒரு மலையுச்சியில் சந்திக்கின்றன. நிலக்கொடையை உறுதிசெய்யக் கிரியன், எயோர்லை அமோன் அன்வார் மலைக்கு அழைத்துச் செல்கிறார். கோண்டோரின் அரசர்களும் அரசுக் காவலர்களும் மட்டுமே தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இரகசியம் அங்கே இருந்தது: எலெண்டிலின் கல்லறை. இசில்டுர் தன் தந்தையை அங்கே அடக்கம் செய்திருந்தான். அந்தக் கல்லறையின் முன் எயோர்ல், கோண்டோரின் பகைவர் தமக்கும் பகைவர், அழைப்பு வந்தால் முழு வலிமையோடு வருவோம் என்று சத்தியம் செய்கிறான். கிரியனும் எலெண்டிலின் பற்றுறுதியைச் சான்றாக வைத்து வாக்குக் கொடுக்கிறார். ஓர் அரசை நிறுவியவரின் எலும்புகள்மேல் இன்னோர் அரசு நிறுவப்படுகிறது. அதன்பின் அந்த மலை எல்லைப்புறமாகிவிட்டதால், எலெண்டிலின் உடல் கோண்டோரின் மினாஸ் திரித் நகருக்குக் கொண்டுசெல்லப்படுகிறது.

இந்தச் சத்தியத்தில் ஆண்டான், அடிமை என்ற வரிசை இல்லை. ரோஹன் கோண்டோருக்குத் திறை கட்டும் நாடாகவில்லை. தனக்கென ஓர் அரசனைக் கொண்ட நட்பு நாடானது. கொடுத்தவர் கொடையைத் திரும்பக் கேட்கவில்லை; பெற்றவர் உதவியை மறக்கவில்லை. 509 ஆண்டுகள் கழித்து 3019இல் உதவி கேட்டுக் கோண்டோரின் செவ்வம்பு வந்தபோது, முதிய அரசன் தெயோடன் ஏறத்தாழ ஆறாயிரம் வீரர்களோடு புறப்பட்டதற்கு அடிப்படை இந்த மலையில் சொன்ன சொல்தான்.

முன்பே இருந்தவர்கள்

கோண்டோர் எழுந்தபோது வெண்மலைகளின் பள்ளத்தாக்குகளில் ஓர் இனத்து மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நூமெனோரிலிருந்து கொண்டுவந்து எரெக் குன்றில் நாட்டிய கருங்கல்லின்முன், அவர்களுடைய அரசன் இசில்டுருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிகூறினான். ஆனால் இருள்தலைவன் சவுரோனோடு போர் வந்தபோது அவர்கள் வரவில்லை. முன்பு அவர்கள் சவுரோனை வணங்கியவர்கள். வாக்கை நிறைவேற்றும்வரை உங்களுக்கு ஓய்வில்லை என்று இசில்டுர் சபித்தான். அவர்கள் மலைக்குள் ஒளிந்து, மெல்ல அழிந்து, ஆவிகளாக அலைந்தார்கள்.

ரோஹனுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. ஐசன் ஆற்றின் மேற்கே இருந்த டன்லாந்து மக்கள் கலெனார்தோனைத் தங்கள் நிலமாகவே கருதினார்கள். கிரியனும் எயோர்லும் மலையுச்சியில் வாக்கு மாற்றிக்கொண்டபோது இவர்களை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் அரசன் ஆல்டோரின் காலத்தில் ஐசனின் கிழக்கே எஞ்சியிருந்தவர்கள் விரட்டப்பட்டார்கள் அல்லது அடக்கப்பட்டார்கள். 2758இல் வுல்ஃப் என்ற தலைவன் அவர்களோடு படையெடுத்து வந்து எடோராஸையே பிடித்து, அரச மண்டபத்தில் அமர்ந்தான். 3018–19இல் மாயாவி சாருமானால் அவர்களை எளிதில் தூண்டிவிட முடிந்ததற்கும் இந்தப் பழைய கோபமே காரணம். எயோர்லுக்கு நிலம் கொடுத்ததை அவர்கள் இன்னும் மறக்கவில்லை என்று ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் ரோஹன் வீரன் காம்லிங் ஒப்புக்கொள்கிறான்.

இந்த ஒப்பீட்டின் திறவுகோலாக நான் கருதும் செய்தியை டோல்கீன் மொழிகளைப் பற்றிய பின்னிணைப்பில் வைத்திருக்கிறார். டன்லாந்து மக்கள், வெண்மலைப் பள்ளத்தாக்குகளில் முற்காலத்தில் வாழ்ந்தவர்களின் மிச்சம். வாக்குத் தவறி ஆவிகளானவர்களும் அவர்களுடைய உறவினரே. அதாவது, இரு அரசுகளும் ஒரே மக்களைத் தள்ளிவைத்து எழுந்தவை. கோண்டோர் அவர்களிடம் வாக்கு வாங்கியது, தவறியதும் சபித்தது. ரோஹன் அவர்களிடம் எதுவுமே கேட்கவில்லை. ஆவிகளின் வழிக்கு வாயில் இருப்பதும் ரோஹனின் டன்ஹாரோவில்தான். எயோர்லின் பேரன் பால்டோர் விருந்தில் வீரச்சபதம் செய்து அந்த வாயிலுக்குள் போனான், திரும்பவில்லை. தன் நிலத்துக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று ரோஹன் கேட்காமலே வாழ்ந்தது.

இவர்களைவிடப் பழையவர்கள் ட்ரூவாடன் காட்டின் வோஸ் மக்கள். ரோஹன் வீரர்கள் அவர்களை விலங்குகளைப்போல் வேட்டையாடியதுண்டு. ஜெஃப்ரியின் கதையாக இருந்தால் இவர்களே அரக்கர்கள். டோல்கீன் அவர்களின் தலைவன் கான்-புரி-கானை ரோஹன் அரசன் தெயோடனோடு நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைக்கிறார்.

3019: எது தீர்ந்தது, எது தீரவில்லை

நாவலின் போர் ஆண்டில் பழைய கணக்குகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. இசில்டுரின் வாரிசான அரகோர்ன், இறந்தோரை எரெக் கல்லுக்கு அழைத்துச் சென்று, மூவாயிரம் ஆண்டுப் பழைய வாக்கை நிறைவேற்ற வாய்ப்புத் தருகிறான். பெலர்கிர் துறைமுகத்தில் பகைவரின் கப்பல்கள் கைப்பற்றப்பட்டதும் அவர்களை விடுவிக்கிறான். ஹெல்ம்ஸ் டீப்பில் தோற்ற டன்லாந்து வீரர்கள், சாருமான் சொல்லியிருந்தபடி உயிரோடு எரிக்கப்படுவோம் என்று அஞ்சி நிற்கிறார்கள். ஆயுதத்தோடு ஐசனைக் கடக்கமாட்டோம் என்று உறுதி வாங்கிக்கொண்டு, ரோஹன் அவர்களை வீட்டுக்கு அனுப்புகிறது. வழியை மறித்து நின்ற பகைப்படையைச் சுற்றிச் செல்லத் தெயோடனுக்கு மறைவழி காட்டும் கான்-புரி-கான், இனி எங்களை வேட்டையாடாதீர்கள் என்பதைக் கைம்மாறாகக் கேட்கிறான். போருக்குப் பின் அரகோர்ன் ட்ரூவாடன் காட்டை அவர்களுக்கே என்றென்றைக்கும் உரிமையாக்குகிறான்; அவர்கள் அனுமதியின்றி யாரும் நுழையக்கூடாது என்றும் அறிவிக்கிறான்.

இந்த மூன்று தீர்வுகளும் சமமானவை அல்ல. வோஸ் மக்களுக்கு நிலம் கிடைத்தது. இறந்தோருக்கு ஓய்வு கிடைத்தது. டன்லாந்து மக்களுக்கு உயிர் மட்டும் கிடைத்தது. தங்கள் நிலம் என்று அவர்கள் நம்பியது ரோஹனிடமே இருந்தது. அரகோர்னும் ரோஹனின் புதிய அரசன் எயோமரும் எயோர்லின் சத்தியத்தைப் புதுப்பித்துக்கொண்டபோதும் அந்தக் கூட்டத்தில் டன்லாந்துக்கு இடம் இல்லை. டோல்கீனின் அறவுணர்வு எவ்வளவு தூரம் போனது, எங்கே நின்றது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆனாலும் ஜெஃப்ரியிடமிருந்து அவர் வந்திருக்கும் தொலைவு பெரிது. கோண்டோரின் தோற்றக் கதை, தான் சபித்தவர்களை மறைக்கவில்லை. ரோஹனின் கதை, தான் விரட்டியவர்களின் கோபத்தைக் காரணமற்றது என்று ஒதுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, ஓர் அரசு நிறுவப்பட்ட நாளில் முடிந்துவிடுவதில்லை என்பது புலப்படுகிறது. யாருக்கு வாக்குக் கொடுத்தோம், யாரிடம் வாங்கினோம், யாரைக் கேட்காமலே விட்டோம் என்ற கணக்கு பின்வரும் ஒவ்வொரு தலைமுறையிடமும் நீட்டப்படுகிறது. முதல் இரண்டை நேர்மையாகத் தீர்க்கும் அரசு நிலைக்கும். மூன்றாவதைத் தீர்க்கும் அரசே நீதியானது. அதைத் தீர்க்கும் துணிவு கோண்டோருக்கு ஒரு காட்டளவு வந்தது. ரோஹனுக்கு அந்த அளவுகூட இன்னும் வரவில்லை.