தஞ்சைப் பெருங்கோயிலும் நம் முன்னோரும்

தலயாத்திரை செய்வார் இருவகையினர். சந்நிதியில் நின்று தொழுது, திருநீறு பெற்று, வந்த வழியே மீள்வார் ஒருவகையினர். தொழுத பின்னர்த் திருச்சுற்றிலே நின்று, இக்கோயிலை எடுத்தவர் யாவர், எக்காலத்து எடுத்தனர், யார் யார் உழைப்பால் இஃது ஓங்கிற்று என்று வினவுவார் மற்றொரு வகையினர். முன்னையோர்க்குப் புண்ணியம் உண்டு. பின்னையோர்க்குப் புண்ணியத்தோடு அறிவும் உண்டு. யான் நெடுங்காலம் முதல் வகையிலேயே இருந்தேன். சென்ற தைத் திங்களில் தஞ்சைப் பெருவுடையாரைத் தொழச் சென்றபோது இரண்டாம் வகையிற் புக நேர்ந்தது. அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு உரைக்க விரும்புகின்றேன்.

யான் புறப்படு முன்னர் நம் பெரியோர் சிலர் என்னை அழைத்து, "ஐயா, தாங்கள் தமிழ் கற்றவர். நம் குலத்தார் சோழ மன்னர்க்கு உறவினர் என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டுகளிற் சான்று இருத்தல் வேண்டும். அதனைத் தேடிக் கொணர்ந்தால் நம் இதழில் வெளியிடலாம்" என்று வேண்டினர். அவ்வேண்டுகோள் என் உள்ளத்தும் ஆசையை விளைத்தது. அரசர் வழியினர் எனப்படுதலை வெறுப்பார் யார்? ஆதலின் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைக் கையிற்கொண்டு, மனைவி மக்களுடன் தஞ்சை சென்றேன்.

கேரளாந்தகன் திருவாயிலையும் இராசராசன் திருவாயிலையும் கடந்து, நாயக்கர் காலத்துப் பெருநந்தியை வணங்கி, திருமுற்றத்தில் நின்றோம். பதின்மூன்று நிலைகளோடு ஏறத்தாழ 216 அடி உயர்ந்த விமானம் மாலை வெயிலிற் பொன்போல் விளங்கிற்று. அப்போது என் இளைய மகள் தரையைச் சுட்டி, "அப்பா, இவ்விமானத்தின் நிழல் நிலத்தில் விழாது என்று சொன்னீர்களே, இதோ விழுந்திருக்கிறதே" என்றாள். நோக்கினேன். கருங்கற்றளத்தின்மேல் நிழல் நீண்டு கிடந்தது. இருபது ஆண்டுகளாக யான் வகுப்பறையில் மாணவர்க்கு அக்கதையைச் சொல்லி வந்தவன். உச்சியிலுள்ளது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்றும் சொல்லியிருக்கின்றேன். அதுவோ பல துண்டுகளை இணைத்து அமைத்தது. நேரிற் கண்டறியாததைக் கண்டார்போற் சொன்ன குற்றம் என்னை நாணச் செய்தது. அந்நாணத்தோடுதான் சுவர்களைப் படிக்கத் தொடங்கினேன்.

இக்கோயிலைப் பற்றிய வடமொழித் தலபுராணம் கரிகாற் சோழனை இதனோடு இயைத்துக் கூறும். உண்மையை உரைத்தவை இச்சுவர்களே. 1886-ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கத்துக் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் இவற்றைப் படித்து வெளியிட்டார். 985-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதல் இராசராசனே இதனை எடுப்பித்தான் என்பது அவற்றால் விளங்கிற்று. அவன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது 1010-ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைத்தற்குச் செப்புக்குடம் அளித்தான். அக்குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சையும் விடாது எழுதிய அக்கணக்கை நோக்குக. மன்னன் கொடுத்த பொன்னும் நிறுத்தே கொள்ளப்பட்டது. அந்நிறைகல்லின் பெயர் ஆடவல்லான். இறைவன் திருப்பெயரே நிறைகோலுக்கும் மரக்காலுக்கும் பெயராயிற்று.

அடுத்த ஆண்டில் மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். தன் கொடையை மட்டுமன்று, தமக்கை குந்தவையார், தேவியர், பிறர் ஆகிய எல்லார் கொடையையும் இவ்விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பது அவ்வாணை. இக்கோயிலின் வியப்பு ஈண்டே உளது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பல ஊர்க் கோயில்களினின்றும் வருவிக்கப்பட்டனர். ஒவ்வொருவர் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த தெருவும், வீட்டின் வரிசையும் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. அவர் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அவர்தம் உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணிசெய்க என்பது விதி. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர்க்கும், அவரோடு உடுக்கை வாசிப்பார் ஒருவர்க்கும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. ஒரு திருவிளக்கு எரிதற்கு நாடோறும் உழக்கு நெய். அந்நெய் அளத்தற்கு 96 ஆடுகள் இடையர்வசம் ஒப்புவிக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையர் பெயர்களும் கல்லில் நிலைத்தன.

இனி, நம் பெரியோர் வேண்டிய சான்றைத் தேடினேன். நம் குலப்பெயரை அரசர் உறவினர் வரிசையில் யான் காணவில்லை. ஆனால் விளக்கிடுவார், நீர் தெளிப்பார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார், கணக்கர் ஆகிய அனைவரும் பங்கு பெற்ற நிரலைக் கண்டேன். விமானம் வகுத்த தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்பது பட்டம். நாவிதனுக்கும் இராசராசப் பெருநாவிசன் என்னும் பட்டம் உண்டு. கடல் கடந்து வென்ற வேந்தன் தன் பெயரை நாவிதனுக்கு அளிக்க நாணினானல்லன். நாமோ நம் பாட்டனார் செய்த தொழிலைச் சொல்ல நாணுகின்றோம்! குலப்பெயர்கள் ஆயிரம் ஆண்டில் மாறியும் பிரிந்தும் வந்துள்ளமையின், அந்நிரலில் நம் முன்னோர் இன்னாரென்று யான் அறுதியிட்டுக் கூறேன். அரசரை நோக்கினும் உழைப்பாளர் பல்லாயிரவராதலின், நம் பாட்டன்மாரை அரண்மனையிற் றேடுவதினும் அந்நிரலிற் றேடுவதே பொருத்தமாம்.

பெருமைக்குரியவற்றை மட்டும் எடுத்துக்காட்டி முடித்தல் நேர்மையன்று. கோயிலுக்கு நெல்லளந்த ஊர்களின் நிலக்கணக்கும் அதே சுவர்களில் உளது. வரி கொள்ளாது நீக்கிய நிலங்களுள் ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் எண்ணப்பட்டன. அச்சேரிகளில் வாழ்ந்தார் கை படாமல் ஊரில் நெல் விளைந்திராது. எனினும் அவர் நிலை தீண்டாமை. இத்தகைய மக்கள் கோயிலினுட் புகுந்து தொழும் உரிமையைச் சட்டத்தால் உறுதி செய்தது 1947-ஆம் ஆண்டுச் சென்னைக் கோயில் நுழைவுச் சட்டமே. கல்வெட்டை முழுதும் படிப்பான் தன் முன்னோரை நினைந்து மகிழுமிடத்தும், அவர் செய்த கொடுமையை நினைந்து நாணுமிடத்தும் ஒருங்கே நிற்பான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைத்தல் வரலாறாகாது.

கருவறையைச் சூழ்ந்த உள்வழியில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் கீழே சோழர் காலத்து ஓவியம் மறைந்திருந்தமையை 1931-ஆம் ஆண்டில் கோவிந்தசாமி என்னும் பேராசிரியர் கண்டுபிடித்தார். நாம் கேட்டு வளர்ந்த கதைகளும் அம்மேற்பூச்சுப் போல்வனவே. அழகில்லை என்னேன், ஆயின் அடியிலுள்ளது அதனினும் சிறந்தது.

ஆகவே, தஞ்சை செல்லும் அன்பர்களே, பெருவுடையாரைத் தொழுத பின்னர் அரைநாழிகையேனும் விமானத்தின் அடித்தளத்தை நோக்கி நில்லுங்கள். அவ்வெழுத்துகளின்மேல் எண்ணெயும் குங்குமமும் தடவாதிருங்கள்; தம் பெயரைக் கீறுவாரைத் தடுங்கள். பிள்ளைகட்கு ஓரிரண்டு எழுத்தையேனும் காட்டுங்கள்.

ஊர் மீண்ட மறுநாள் யான் வகுப்பிற் சென்று, "நிழல் விழாது என்று யான் உங்கட்குக் கற்பித்தது பிழை, விழுகின்றது, கண்டு வந்தேன்" என்று மாணவர்முன் சொன்னேன். நம் பெரியோர்க்கும் அதுவே என் விடை. அவர்கள் வேண்டிய சான்றை யான் கொணரவில்லை, கண்டதைக் கொணர்ந்தேன். பொறுத்து ஏற்றருள்க.