ஃபிளாஷ் வளர்த்த நிரலாளர்

2000-ஆம் ஆண்டில் அசைவூட்ட மென்பொருளான ஃபிளாஷ் 5 ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியைச் சித்திரக்காரர் கையில் கொடுத்தபோது, அவர்களிற் பலர் நிரலைப் பிரேம்களிலும் பொத்தான்களின் மேலுமாக அங்கங்கே ஒட்டிவைத்து, திரையில் பந்தொன்று துள்ளினாற் போதுமென்று திருப்தியடைந்தனர். பிழை நேர்ந்தால் அது எந்தப் பிரேமில் ஒளிந்திருக்கிறதென்று தேடுவதே பெரும் பிரயாசை.

நார்வேயில் கணினி அறிஞர்களான டாலும் நைகார்டும் 1960-களில் சிமுலா மொழியில் வகுத்த பொருள்நோக்கு முறை, 2003-இல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 வாயிலாகவே இச்சித்திரக்காரர்களை முறைப்படி அடைந்தது. பந்து என்னும் வகுப்பை ஒருமுறை எழுதி, வேகத்தையும் திசையையும் அதன் குணங்களாகவும், துள்ளுதலை அதன் செயலாகவும் அமைத்துவிட்டால், நூறு பந்துகளைச் சில வரிகளில் சிருஷ்டிக்கலாம் என்று கண்ட சித்திரக்காரர், தம்மையறியாமலே நிரலாளரானார். (வகுப்பைத் தனிக்கோப்பில் எழுதும் நிர்ப்பந்தம் சிலருக்குக் கசந்ததென்னவோ வாஸ்தவம்.)

2006-இல் வந்த அம்மொழியின் மூன்றாம் பதிப்பு, பொத்தானின் மேல் நிரலெழுதும் வழக்கத்தை அடியோடு விலக்கியது. பின்னர், இப்படைப்புகளை இயக்கிவந்த ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது.