மனித விந்தணு ஆர்.என்.ஏ ஆய்வில் மாதிரித் தூய்மை

முதிர்ந்த விந்தணுவில் ஆர்.என்.ஏ இருக்கக்கூடும் என்பதை நெடுங்காலம் பலரும் ஏற்கவில்லை. அதன் டி.என்.ஏ புரோட்டமின் என்னும் புரதத்தால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் புதிய ஆர்.என்.ஏ உருவாவதில்லை. ஆகவே விந்து மாதிரியில் தென்பட்ட ஆர்.என்.ஏ, உடன் கலந்த வெள்ளையணுக்களுடையது என்று ஒதுக்கப்பட்டது.

அந்த ஐயம் நியாயமானதே. உடற்செல் ஒன்றில் சுமார் 10 பிகோகிராம் ஆர்.என்.ஏ உண்டு, விந்தணுவில் சுமார் 50 ஃபெம்டோகிராம்தான், அதாவது இருநூறில் ஒரு பங்கு. ஆயிரம் விந்தணுக்களிடையே ஐந்து உடற்செல்கள் தங்கிவிட்டாலே, பிரித்தெடுத்த ஆர்.என்.ஏயில் பாதி அவற்றுடையதாகிவிடும்.

1989இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் விந்தணுவின் அணுக்கருவிலேயே ஆர்.என்.ஏ இருப்பதாக அறிவித்தனர். 1993இல் ராஜேஷ் நாஸ் உள்ளிட்டோர் மனித விந்தணுவில் சி-மிக் மரபணுவின் தூது ஆர்.என்.ஏயைக் காட்டினர். டெட்ராய்டின் ஸ்டீபன் கிராவெட்ஸ், லீட்ஸின் டேவிட் மில்லர் முதலியோர் 2002இல் லான்செட் இதழில் கருவுறுதிறன் உள்ள ஆண்களின் விந்தணு ஆர்.என்.ஏ தொகுப்பை வெளியிட்டனர்.

இவற்றை நம்பவைத்தது தூய்மையாக்கும் முறைதான். ஒரு முறையில் விந்து, அடர்த்தி மாறுபடும் கரைசல் அடுக்குகளின் மேல் இடப்பட்டு மையவிலக்கியில் சுழற்றப்படுகிறது. இதற்கு முன்பு பெரிதும் பயன்பட்ட பெர்கால், நுண்ணிய சிலிக்காத் துகள்களால் ஆனது. விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊர்களுக்குப் பழக்கமான அதே சிலிக்காதான். 1996இல் மனிதச் சிகிச்சைப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டு, சிலேன் பூசிய சிலிக்காக் கரைசல்கள் வந்தன. இன்னொரு முறையில் சோப்புத்தன்மையுள்ள கரைசல் உடற்செல்களை உடைக்கிறது. கெட்டியான விந்தணுத் தலைகள் தப்புகின்றன. பின்னர் அத்தலைகளைத் திறக்க, புரோட்டமின்களின் கந்தகப் பிணைப்புகளை அறுக்கும் டி.டி.டி போன்ற வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காவிட்டால் ஆர்.என்.ஏ குறைவாகவே வெளிவரும். ஆய்வாளர் அதை மாதிரியின் குறை என எண்ணிவிடலாம்.

தரச்சோதனையும் இங்கே தலைகீழாகிறது. பிற திசுக்களில் 18எஸ், 28எஸ் என்னும் இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ முகடுகள் தெளிவாக எழுந்தால் மாதிரி நன்று. விந்தணுவில் இவை துண்டாகியே இருப்பதால், அம்முகடுகள் எழுந்தால் வேறு செல்கள் கலந்துள்ளன என்று பொருள். வெள்ளையணுவுக்குரிய சிடி45 போன்ற மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ இல்லை என்பதையும் உறுதிசெய்கின்றனர்.

ஆனால் அடுக்கு மையவிலக்கம் நன்கு நீந்தும், அடர்ந்த விந்தணுக்களையே தேர்ந்தெடுக்கிறது. குழந்தையின்மைக்காகச் சோதிக்கப்படும் ஆணிடம் பெரும்பாலும் குறைபாடுள்ள விந்தணுக்களே இருக்கும். காரணத்தைச் சொல்லக்கூடியவையும் அவையே. அவை மேலடுக்கிலேயே நின்று, கழிவோடு கொட்டப்பட்டுவிடுகின்றன.