கட்டுமரமும் கடலூர்க் கரையின் கடற்பாதுகாப்பும்

கட்டுமரம் என்பது இலேசான மரக்கட்டைகளை வரிசையாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய மீன்பிடி மிதவையாகும். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரையிலான கடலூர்க் கரையில் மீனவர்கள் இதை நெடுங்காலம் பயன்படுத்தினர். ஆங்கிலப் பயணி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிட்டுள்ளார்.

கரையின் ஆபத்து

கடலூரில் பெரிய கப்பல்கள் கரையை அடைய முடியாது. அவை திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் சிறு கலங்களில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. புயல் வந்தால் ஒதுங்க இடமில்லை. 1749 ஏப்ரலில் வீசிய புயலில், செயின்ட் டேவிட் கோட்டைக்கு அருகே நின்ற நாமூர், பெம்புரோக் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் அழிந்தன. இரண்டிலும் 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாமூர் கப்பலில் இருந்து படையை நடத்திய தளபதி பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் தப்பினார்.

மூழ்காத அமைப்பு

படகு, தன் உட்குழிவில் நீர் புகாதவரைதான் மிதக்கும். நீர் நிரம்பினால் அதன் எடை கூடி, மிதக்கும் ஆற்றல் குறையும். கட்டுமரத்திலோ கட்டையே மிதவை. மேலேறும் அலைநீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு மிதக்கலாம், நிமிர்த்தி மீண்டும் ஏறலாம். கட்டைகள் நீரை உறிஞ்சிக் கனக்கும் என்பதால், கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து உலர வைப்பர். அந்த வேலையும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

கண்ணாடியிழைப் படகுகள்

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏற்றத்தக்க புதிய படகுகளைச் சோதித்தது. பின்னர் இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பரவின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏராளமான கட்டுமரங்களும் அழிந்தன. நிவாரணமாக வந்தவற்றில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி.

இவை வேகமானவை, தொலைவு செல்பவை. ஆனால் கண்ணாடியிழை நீரைவிடக் கனமானது. நுரை நிரப்பி அடைத்த மிதவை அறைகள் இல்லாவிட்டால், நீர் நிரம்பிய படகு மூழ்கும். கட்டுமரத்தின் உடலிலேயே இருந்த பாதுகாப்பை இப்போது தனியாக ஏற்றிச் செல்ல வேண்டியுள்ளது.

கவிழ்ந்தால் செய்ய வேண்டியவை

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். உப்பங்கழியோ ஏரியோ, அமைதியான நீரென்று நம்பி உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக்கூடாது. அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது. அணிந்து பட்டையை இறுக்கியிருக்க வேண்டும். கவிழ்ந்த படகு மிதந்தால் அதைப் பற்றிக்கொண்டு இருப்பதே நல்லது. கரை பார்வைக்கு அருகில் தெரிந்தாலும், நீந்துபவர் நீரோட்டத்தில் களைத்துப்போகலாம். தேடுவோருக்கும் தனித் தலையைவிடப் படகு எளிதில் தென்படும். மூடி இறுக்கிய காலிக் கேனும் ஒருவரைத் தாங்கும். கட்டுமரம் கவிழ்ந்தபோது மீனவர்கள் கட்டையை விடாமல் பற்றியதும் இதே காரணத்தால்தான்.